பஞ்சு பறக்கிற ஊரில் ஒரு லென்ஸ்

சிங்காநல்லூரில் என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் போட்டோ ஸ்டுடியோ இருந்த தெருவில், ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் தலையைப் பார்த்தே அவர்களுக்கு மில்லில் எந்த டிபார்ட்மெண்ட் என்று சொல்லிவிடலாம். புளோ ரூம், கார்டிங் என்றால் முடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். ஸ்பின்னிங்காரர்களுக்குக் கொஞ்சம் குறைச்சல். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பஞ்சு தெருவில் உள்ள எல்லாவற்றின் மேலும் வந்து உட்கார்ந்துவிடும். டீக்கடை பாய்லர், சைக்கிள் சீட்டு, கொடியில் காயும் துணி என்று எதையும் விடாது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கியதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் வரிசையாக முளைத்ததும் கோயமுத்தூருக்குச் சோறு போட்டன. அந்தச் சோற்றைத்தான் அப்புச்சியும் சாப்பிட்டார். மில் தொழிலாளிகள்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள். போனஸ் வாங்கியதும் குடும்பத்தோடு வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் பஞ்சு என்றால் அவருக்கு ஆகாது.

"மில்லுக்குள்ள நூல் அறுகாம இருக்கோணும்னு தண்ணியத் தெளிச்சு ஈரத்தைக் காப்பாத்தறாங்க. நமக்கு ஈரமும் ஆகாது, பஞ்சும் ஆகாது. வந்து வாச்ச எடத்தப் பாரு அம்மணி" என்பார்.

எழுபதுகளின் நடுவில், முழுப்பரீட்சை லீவு விட்டால் நான் நேராக அங்கேதான் போவேன். ஓட்டு வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் ஸ்டுடியோ. ஒன்றில் மாளிகைப் படிக்கட்டும் அன்னப் பறவையும் வரைந்த திரை, இரண்டு பெரிய விளக்குகள், நடுவில் துருத்தி வைத்த மரக் கேமரா. இன்னொன்று சிவப்பு பல்பு எரியும் டார்க் ரூம். ஹைப்போ வாசனை சமையலறை வரைக்கும் வரும். மரக் கேமராவுக்கு முன்னால் பித்தளைக் குழலில் ஒரு பெரிய லென்ஸ். அதற்கு ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூட வேண்டும். கல்யாணம், காது குத்து, நோம்பி என்று வெளியே போக யாஷிகா மேட் ஒன்று வைத்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள கேமரா. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் விழுவதற்கு.

அப்புச்சி இளவட்டமாக இருந்தபோது திருச்சி ரோட்டில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில் கேமரா டிபார்ட்மெண்டில் எடுபிடி வேலை பார்த்தவர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 1947-ல் வந்த 'ராஜகுமாரி' அந்த ஸ்டுடியோவில் எடுத்த படம். ஊருக்குள் எல்லாரும் அவரிடம் நடிகர்களைப் பற்றிக் கேட்பார்கள். அவர் சொல்வதெல்லாம் லென்ஸ் பெட்டியைப் பற்றித்தான். எந்த லென்ஸ் எந்தக் குழியில் உட்காரும், அதை எடுத்துக்கொடுக்கிற ஆள் கையில் மோதிரம் போடக்கூடாது, துடைக்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான், மற்றவர்கள் பெட்டியைத் தூக்கலாம், திறக்கக் கூடாது. வருஷக்கணக்காகப் பெட்டி தூக்கிய பிறகுதான் தன் கையில் துணி கொடுத்தார்கள் என்பார். அந்தத் துணியைத்தான் பிற்பாடு என் கையில் கொடுத்தார்.

அது பனியன் துணி. திருப்பூரில் பின்னிய வெள்ளைப் பனியன், அப்புச்சியே வருஷக்கணக்கில் போட்டுத் துவைத்துப் பூப்போல ஆனது. புதுப் பனியன் உதவாது. வேட்டித் துணியும் உதவாது. கஞ்சி போட்டுப் போட்டு அதன் நூலுக்குள் மாவு ஏறியிருக்கும், கண்ணாடியில் தேய்த்தால் வெள்ளைக் கோடு விழும். நீலம் போட்ட துணியைத் தொடவே விடமாட்டார். கிழியப்போகிற பனியனை அம்மிச்சியிடமிருந்து வாங்கி, சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி அலசி, நிழலில் வீட்டுக்குள்ளேயே காயவைப்பார். கொடியில் போட்டால்தான் மில் பஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளுமே. காய்ந்ததும் தையலில்லாத முதுகுப் பகுதியை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுவது என் வேலை. வெட்டிய துண்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய்விடும். ஒரு துண்டு ஒரு தடவைதான். கீழே விழுந்த துண்டு சைக்கிள் துடைக்கப் போகும்.

பாட்டிலுக்குப் பக்கத்தில் மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் பல்பு ஒன்று. காது கழுவ விற்பது. பிதுக்கினால் காற்று வரும். புதிதாக வாங்கி வந்த அன்றே அதை லென்ஸிடம் கொண்டுபோகக் கூடாது. ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வெள்ளைப் பவுடர் தூவி வைத்திருப்பார்கள். ஊதினால் பவுடர் முழுக்கக் கண்ணாடியில் போய் அப்பிக்கொள்ளும். அதனால் உள்ளே தண்ணீரை இழுத்து, குலுக்கி, பீய்ச்சி, பவுடர் போகிற வரைக்கும் கழுவி, நாள் கணக்கில் தலைகீழாகக் கவிழ்த்து உலரவைப்பார். ஒரு சின்ன பிரஷ்ஷும் உண்டு, அணில் முடி. நெகட்டிவ் ரீடச் செய்ய வாங்கியதில் ஒன்றை லென்ஸுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அதன் நுனியை யாரும் விரலால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய் முடியில் ஏறினால் அது கண்ணாடியில் இறங்கிவிடும்.

இனி அவர் சுத்தம் செய்கிற முறை. முதலில் ஒன்றும் செய்யமாட்டார், பார்ப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்து, துடைத்தே ஆகவேண்டுமா என்று பார்ப்பார். பல நாள் அத்தோடு மூடி வைத்துவிடுவார். எனக்கு அப்போது அது ஏமாற்றமாக இருக்கும். "அங்க ஒரு தூசி இருக்குதுங்க அப்புச்சி" என்றால், "இருந்துட்டுப் போவட்டும் கண்ணு. தூசி படத்துல உழுகாது, தொடச்ச கோடு உழுகும்" என்பார். இதைவிடச் சரியாக இந்த விஷயத்தை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கிற ஒரு தூசி படத்தில் புள்ளியாகத் தெரியவே தெரியாது. அது அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் போகஸுக்குள் வராமல் கரைந்துபோகும். ஆனால் வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து விழுந்த மயிரிழைக் கோடுகள் ஆயிரம் சேர்ந்தால், எதிரே விளக்கு இருக்கும்போது வெளிச்சத்தைச் சிதறடித்து, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். படம் பால் ஊற்றினது மாதிரி மங்கிப்போகும்.

துடைத்தே ஆகவேண்டும் என்றால் கேமராவைக் கவிழ்த்துப் பிடிப்பார், கண்ணாடி தரையைப் பார்க்கிற மாதிரி. கீழிருந்து பல்பால் ஊதுவார். உதிர்கிறது கீழே விழட்டும் என்றுதான் அப்படி. அதற்கும் போகாததை பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் தட்டிவிடுவார். பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடும். விரல் ரேகை, சாரல் துளி, எண்ணெய்ப் புகை என்று எதுவாவது பிடித்திருந்தால்தான் பனியன் துண்டு வெளியே வரும். வெற்றிலை போட்டிருந்தால் போய் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து, லேசாக 'ஹா' என்று ஆவி விட்டு, நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வருவார். அழுத்தம் துணியின் எடை மட்டும்தான். ஆவிக்குப் போகாத அழுக்கு என்றால் பாட்டரி தண்ணி. கார் பாட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீர், கடையில் பாட்டிலில் கிடைக்கும். உப்பு இருக்காது, காய்ந்தால் தடம் விழாது. அதையும் துணியில்தான் ஒரு சொட்டு விடுவார், கண்ணாடியில் விடவே மாட்டார். கண்ணாடியில் விட்டால் ஓரத்து வளையம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

மூடியைத் துடைக்காமல் லென்ஸைத் துடைப்பவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். பித்தளை லென்ஸின் மூடிக்குள் வெல்வெட் ஒட்டியிருந்தது. ஊரில் பறக்கிற பஞ்சு அத்தனையும் அந்த வெல்வெட்டில்தான் குடியிருக்கும். முதலில் மூடியைத் தட்டி, ஊதி, பிறகுதான் கண்ணாடி.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு என்று எனக்குப் புரிந்தது ஒரு பவுண்டரியில். கணபதிப் பக்கம் பம்புசெட் செய்கிற ஒருவர் கேட்டலாக் அடிக்க மோட்டாரையும் பம்பையும் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். விளக்கைப் பிடிக்க நான் கூடப் போனேன். மோல்டிங் நடக்கிற கொட்டகையில் தரையெல்லாம் கறுப்பு மணல். உருக்கிய இரும்பை ஊற்றும்போது எழுந்த புகையில் மணலும் சேர்ந்து மிதந்தது. படம் எடுக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேமராவை அப்புச்சி மஞ்சப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். அப்படியும் திரும்பி வந்து பார்க்கையில் லென்ஸ் மேல் பொடி மினுமினுத்தது. ரீடச் செய்கிற பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பஞ்சு நூல் நூலாகத் தெரிந்தது. மணல் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் முனை முனையாக, உடைத்த கற்கண்டாகத் தெரிந்தது.

"பஞ்சு ஒண்ணும் பண்ணாது சாமி. இது கல்லு. இதைத் துணியில வெச்சுத் தேச்சா கண்ணாடிய அறுத்துப் போடும்."

அவர் சொன்னது ரசாயனப் புத்தகத்திலும் இருக்கிறது. பவுண்டரி மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். லென்ஸ் கண்ணாடியைவிடக் கெட்டியானது. சாதாரணத் தெருப் புழுதியிலும் அது உண்டு. ஊதாமல் துடைப்பது என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான்.

அந்தக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூச்சும் இருக்கிறது. யாஷிகாவைச் சாய்த்துப் பிடித்தால் லென்ஸில் ஊதா, பொன் நிறம் என்று சாயல் ஓடும். பித்தளை லென்ஸில் அது கிடையாது, வெள்ளையாகத்தான் மினுக்கும். கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பிப் போகிற வெளிச்சத்தைக் குறைப்பதற்காக மிக மெல்லிய ஒரு பூச்சை ஏற்றுகிற முறையை ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா 1935-ல் கண்டுபிடித்தார். பிறகு வந்த லென்ஸ்களில் மக்னீசியம் புளோரைடு பூசுவது வழக்கமானது. வெளிச்சத்தின் அலைநீளத்தில் கால்வாசி கனம்தான் அந்தப் பூச்சு. அப்புச்சிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. "அந்தக் கலரு போச்சுன்னா லென்ஸு கெழடாயிடும்" என்று மட்டும் சொல்வார். விரல் ரேகையை உடனே எடுக்க வேண்டும் என்பதற்கும் அவர் சொல்கிற காரணம் அதுதான். தூசியைப் பல நாள் விட்டுவைப்பவர், விரல் பட்டது என்றால் அன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுவார். எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கிடந்தால் பூச்சில் தடம் பிடித்துவிடும்.

வெளி வேலைகளில் பெரிய அபாயம் மாரியம்மன் நோம்பி. மஞ்சள் நீர் ஊற்றுகிற அன்று குடத்தோடு ஓடி வரும் பெண்பிள்ளைகளுக்கு எதிரே நின்றுதான் படம் எடுக்க வேண்டும். கல்யாண வீட்டில் இணைச்சீர்ச் சடங்கு நேரத்தில் குத்துவிளக்கு, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் சேர்ந்து ஓர் எண்ணெய்ப் புகை மூட்டம். இதற்கெல்லாம் யாஷிகாவுக்கு முன்னால் அவர் ஒரு பில்டரும் ஹூடும் போட்டு வைத்திருந்தார். ஹூடு கடையில் வாங்கியதில்லை. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் அலுமினியத்தில் கடைந்து கொடுத்தது, உள்பக்கம் மினுக்கமில்லாத கறுப்பு அடித்தது. இந்த ஊரில் அப்படித்தான். வெளியே கிடைக்காததை யாராவது ஒருவர் லேத்தில் ஏற்றிவிடுவார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் தன் கையாலேயே படம் பிடித்தவரும், பிலிம் கேமராவுக்கு தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றை உருவாக்கியவருமான ஜி.டி. நாயுடுவின் ஊர் அல்லவா. அவர் பெயரைச் சொன்னால் அப்புச்சி எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

பில்டர் போட்டே வைக்கலாமா என்று இன்றைக்கும் கேமராக்காரர்கள் வாதாடுகிறார்கள். அப்புச்சிக்கு அதில் தெளிவு இருந்தது. மஞ்சள் நீர், பவுண்டரி, ஆடிக்காற்று என்றால் பில்டர் கட்டாயம். விளக்கேற்றுகிறதை எடுக்கும்போது கழற்றிவிடுவார். தட்டையான அந்தக் கண்ணாடியில் சுடர் பிரதிபலித்து, படத்தில் பெண்ணின் நெற்றிக்குப் பக்கத்தில் இன்னொரு பேய்ச் சுடர் எரியும். ஹூடை மட்டும் எப்போதும் கழற்றமாட்டார். வெயிலையும் தடுக்கும், கூட்டத்தில் ஒருவர் முழங்கை இடித்தால் அடியையும் அது வாங்கிக்கொள்ளும்.

அவர் உண்மையிலேயே பயந்தது தூசிக்கும் இல்லை, மஞ்சளுக்கும் இல்லை, பூசணத்துக்குத்தான். மழை விட்ட ஒரு சமயம் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் தோல் உறைக்குள் வைத்த கேமராவைக் கொண்டுவந்தார். அங்கே சின்னக்கல்லாறு பக்கமெல்லாம் தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டுகிற இடம். உறையைத் திறந்ததும் ஈரச் செருப்பு நாற்றம். அப்புச்சி பின் மூடியைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்கள், கிளை கிளையாக, மார்கழிக் கோலம் போல அழகாகவே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் முகம் வாடிப்போனது.

பூசண விதை காற்றில் எங்கும் இருக்கிறது. எந்த லென்ஸிலும் ஒன்றிரண்டு உட்கார்ந்திருக்கும். இருட்டு, ஈரம், அசையாத காற்று மூன்றும் கிடைத்தால் முளைத்துவிடும். தோல் உறையில் மூன்றும் உண்டு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பத்திரமாக இருக்கட்டும் என்று உறைக்குள் போட்டு, அதைப் பெட்டிக்குள் போட்டு, அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதுதான் கேமராவுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல். பூசணம் வளரும்போது அமிலம் கக்கும். அது பூச்சைத் தின்று கண்ணாடியையும் அரிக்கும். தொடக்கத்தில் பிடித்தால் துடைத்து எடுத்துவிடலாம். அரித்த பிறகு நூல் போனாலும் தடம் போகாது. அப்புச்சி முன் லென்ஸைக் கழற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து நனைத்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். நூல்கள் போயின. வெளிச்சத்தில் சாய்த்தால் அவை ஓடிய பாதை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "எட்டு மாசத்துக்கு முன்னாலயே வந்திருந்தா முழுசாப் போயிருக்குமுங்க" என்றார் வந்தவரிடம். அந்தக் கேமரா இருந்த நாள் முழுக்கத் தன் அலமாரிப் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை.

அவருடைய அலமாரியில் தகர டப்பாக்கள். மூடி ஓரத்தைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கியவை. ஒவ்வொன்றிலும் துணிப் பொட்டலத்தில் சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது. ரோஸ் ஆனதும் இரும்பு வாணலியில் கொட்டி மெல்லிய தீயில் வறுப்பார். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் திரும்பி வரும். அதைப் பார்க்க நான் அடுப்படியில் காத்துக்கிடப்பேன். அந்த வாணலியைச் சமையலுக்குத் தொடக்கூடாது என்பது அம்மிச்சியின் கட்டளை. கட்டளை சரியானதுதான். நீலத்துக்கு அதில் சேர்ப்பது கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. இப்போது ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாதது கிடைக்கிறது.

ஊட்டிக்குப் போய்வந்தால் இன்னொரு ஒழுங்கு. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 1960-ல் ஊட்டியில் அமைந்தது. 'இந்து' பிலிமும் பேப்பரும் எங்கள் கடைக்கு அந்த மலையிலிருந்துதான் இறங்கி வந்தன. தூசியில்லாத காற்றில் பூசிய பிலிம், பஞ்சு பறக்கிற தெருவில் வந்து கேமராவுக்குள் ஏறும். மலைக்குளிரில் ஊறிய கேமராவைக் கீழே புழுக்கத்துக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் லென்ஸ் முழுக்க முத்து முத்தாக வேர்க்கும். வெளியே வேர்த்தால் பரவாயில்லை, உள் கண்ணாடியில் வேர்த்தால் பூசணத்துக்குத் தண்ணீர் ஊற்றின மாதிரி. அதனால் வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்கமாட்டார். கேமரா பைக்குள்ளேயே ஊர்ச் சூட்டுக்கு வரட்டும் என்று குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்துதான் திறப்பார். ஏசி மண்டபத்திலிருந்து நடுமத்தியான வெயிலுக்கு ஓடுகிற இன்றைய கல்யாண வீடியோக்காரர்களுக்கும் இதேதான்.

மில்களில் பல மூடிவிட்டன. தெருவில் இப்போது பஞ்சு பறப்பதில்லை, சிமெண்டுத் தூசி பறக்கிறது. எல்லார் சட்டைப்பையிலும் லென்ஸ் இருக்கிறது, சில்லறைக் காசோடும் சாவியோடும். ராத்திரியில் தெருவிளக்கைப் போனில் எடுத்தால் ஒளி கோடு கோடாக இழுக்கிறது, கேமரா சரியில்லை என்கிறார்கள். பாதி நேரம் அது விரல் எண்ணெய்தான். ஊதிவிட்டு, சுத்தமான பழைய பனியன் துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். சட்டை நுனி மட்டும் வேண்டாம், அதில் ஊர்ப் புழுதி முழுக்க இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த கேமரா ஒன்று தோல் உறைக்குள் இருக்கக்கூடும். ஐப்பசி அடைமழை பிடிக்கும் முன்னால் அதை வெளியே எடுங்கள். உறையைத் தனியாக வையுங்கள். ஷட்டரைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் நீங்களே திருகிக் கழற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எடுத்து ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். அப்புச்சியின் யாஷிகா இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் லென்ஸில் அந்த ஊதாச் சாயல் இன்னும் போகவில்லை.